தாத்தாவின் கணக்கு நோட்டும் அப்பாயியின் சொற்களும்: திருத்தி எழுதலாமா?

காவிரிக்கரைப் பேத்தி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் தஞ்சை வட்டாரத்தைச் சேர்ந்தது. தாத்தா எழுதிய ஏழு கணக்கு நோட்டுகள், அவர் மறைந்த பிறகு முப்பது ஆண்டுகளாகப் பத்தாயத்தின் மேலிருந்த தகரப் பெட்டியில் கிடந்து, சென்ற ஆண்டு பழைய வீட்டைப் பிரித்தபோது என் கைக்கு வந்தன. நெல் வரவு, ஆள் கூலி, வரி, வைத்தியச் செலவு ஆகியவற்றுக்கு நடுவே, மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாமடைக்கு வந்த நாள், கன்று ஈன்ற நாள், யாரோ ஒருவர் சொல்லாமல் ஊரைவிட்டுப் போன நாள் என்று ஒற்றை வரிக் குறிப்புகளும் இருக்கின்றன. எந்த ஆண்டில் தொடங்குகின்றன என்பதைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் "பார்த்திப ௵ தை ௴ ௰௨ ௳" என்று இருக்கிறது. எண்கள் பல இடங்களில் எழுத்துகளைப் போலத் தெரிகின்றன.

அப்பாயிக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. முற்பகலில் தெளிவாகப் பேசுகிறார். மாலையானால் என்னை என் அத்தை என்று எண்ணிக்கொண்டு, எப்போதோ முடிந்துபோன ஒரு கல்யாணத்துக்கு ஆக வேண்டிய வேலைகளைச் சொல்கிறார். இதுவரை பதினான்கு மணி நேரப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்திருக்கிறேன்.

இவற்றை ஒரு குடும்ப நூலாக அச்சிட வேண்டும் என்பது பெரியப்பாவின் விருப்பம். செலவையும் அவரே ஏற்கிறார். ஆனால் அப்பாயியின் பேச்சை நல்ல தமிழில் மாற்றி எழுத வேண்டும், கடன், அடகு, பங்காளிச் சண்டை ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும் என்கிறார். பேசுவதைப் போலவே அச்சிட்டால் படிப்பவர்கள் தம் தாயை எழுத்தறியாதவர் என்று எண்ணுவார்களே என்ற அவருடைய வருத்தத்தை நான் அலட்சியமாகக் கருதவில்லை.

என்னைத் தடுமாற வைத்த ஒன்றைச் சொல்கிறேன். நந்தன வருஷம் மார்கழி மாதத்தில் "வளையல் ஈடு வைத்து வாங்கிய ரொக்கம் ௱௨௰" என்று தாத்தா எழுதியிருக்கிறார். "நானாத்தான் கழட்டிக் குடுத்தேன், ஒருத்தரும் கேக்கல" என்கிறார் அப்பாயி. இரண்டே ஆண்டுகளில் வளையல் மீட்கப்பட்டுவிட்டது என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். ஆனால், அடுத்த நோட்டுகளில் மீட்டதற்கான வரி எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த மூன்றில் எதை எழுதுவது? முதலில் எதைச் செய்வது, நோட்டையா பேச்சையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏடு பார்ப்பவன்:

சகோதரிக்கு வணக்கம். பழைய ஆவணங்களோடு புழங்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் நோட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் வரி எளிது. ௵ வருஷத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ௰௨ என்பது பத்தும் இரண்டும், அதாவது பன்னிரண்டு. நம் பழைய எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. ஆகவே, நீங்கள் காட்டிய ௱௨௰ என்பதை நூறு, பிறகு இரண்டு பத்து என்று படிக்க வேண்டும். அது நூற்றிருபது ரூபாய். பார்த்திப வருஷம் 1945 ஏப்ரலில் தொடங்கியது என்பதால், அந்த ஆண்டின் தை 12 என்பது 1946 சனவரி 25ஐ ஒட்டிய நாள். ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், பெயரை மட்டும் நம்பினால் 1885க்கோ 2005க்கோ போய்விடும் ஆபத்து உண்டு. பக்கத்தில் வேறு சான்று இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்றுதான் நயா பைசா வந்தது. ஆனாலும், பழகிய கை அதற்குப் பிறகும் சில காலம் அணாவில் எழுதியிருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

நந்தன வருஷம் 1952 ஏப்ரல் முதல் 1953 ஏப்ரல் வரை. அதன் கார்த்திகையில், 1952 நவம்பர் 30 அன்று, நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையைக் கடந்த புயல் டெல்டாவைச் சூறையாடியது. அடுத்த மாதமே வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. அப்பாயியிடம் புயலைப் பற்றிக் கேளுங்கள். வளையலைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவை இராது.

எண்கள் எழுத்துகளாகத் தெரிவதில் வியப்பில்லை. ஒன்று க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, காலுக்கு வ. "எட்டேகால் லட்சணமே" என்ற பழைய வசையின் பொருளே இதில்தான் இருக்கிறது: அ, வ, ஆக அவலட்சணம். கணக்கு நோட்டைப் படிக்கும்போது பலருக்கும் கால் இடறும் இடம் இது. பின்னங்கள் இன்னும் கடினம். அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றின் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் இடம்பெற்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இன்றும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எனவே, குறியைத் தட்டச்சு செய்ய முயன்று சலிப்படையாமல், அதன் மதிப்பைச் சொல்லால் எழுதி, அந்த வரியின் படத்தை அருகில் வையுங்கள். ௸ என்று கண்டால் "மேற்படி" என்று படியுங்கள். "௸யார்" என்றால் மேலே பெயர் சொல்லப்பட்ட அதே ஆள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, செய்யக் கூடாதவையே அதிகம். பக்கங்களை லேமினேட் செய்யாதீர்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெல்ல அகற்றுங்கள். பக்க எண் இட வேண்டுமானால் பென்சிலால் மூலையில் இடுங்கள். நோட்டின் முதுகை அழுத்தி விரிக்காமல், இருபுறமும் துணிச் சுருளை முட்டுக்கொடுத்து, சன்னலோர நிழல் வெளிச்சத்தில் மேலிருந்து படம் எடுத்தாலே போதும். வருடி (ஸ்கேனர்) கிடைத்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் எடுத்து, டிஃப் கோப்பாக ஒரு படியையும், அன்றாடம் பார்ப்பதற்கு ஜேபெக் படியையும் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் விடாமல் எடுங்கள். கணக்குப் பிள்ளைகள் முக்கியமானதைப் பின்னட்டையின் உட்புறத்தில்தான் எழுதுவார்கள்.

சொல் பொறுக்கி:

நோட்டு முதலிலா, பேச்சு முதலிலா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. நோட்டு அடுத்த ஆண்டும் இருக்கும். முற்பகல்களை இப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாயின் நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்து, அவற்றை அழகிய உரைநடையாக மாற்றி எழுதினேன். "வந்தாங்க" என்பது "வருகை புரிந்தார்கள்" ஆயிற்று. "மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு" என்பது "உள்ளம் பதறியது" ஆயிற்று. எழுதி முடித்ததும் நாடாக்கள் இனித் தேவையில்லை என்று எண்ணி, அவற்றின்மீது வேறு எதையோ பதிந்துவிட்டேன். இப்போது அந்த நூலை எடுத்தால் அதில் என் குரல்தான் கேட்கிறது. பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதைப் போல என் தாய் ஒருநாளும் பேசியதில்லை.

பேச்சு வழக்கை எழுத்தில் வைப்பது இழிவு என்று உங்கள் பெரியப்பா கருதினால், ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவூட்டுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761இல் தாம் இறக்கும்வரை எழுதிய நாட்குறிப்பு, புலவர் நடையில் இல்லாமல் அன்றைய பேச்சு நடையை ஒட்டியே ஓடுகிறது. அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைத்தெருவிலும் ஆளுநர் மாளிகையிலும் தமிழர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை இன்று நம்மால் ஓரளவு காதால் கேட்க முடிகிறது. அவர் இலக்கணம் பார்த்துத் திருத்தி எழுதியிருந்தால் நிகழ்ச்சிகள் நமக்குக் கிடைத்திருக்கும், குரல் கிடைத்திராது.

பதிவு செய்யும் முறையைப் பற்றிச் சில. "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. வீட்டில் மரக்கால் இருந்தால் அதை அவர் கையில் கொடுங்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்ப்பாட்டை எந்தப் புத்தகத்திலும் காணலாம். அளக்கும்போது "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவதை அந்தக் கைகளிடமிருந்துதான் கேட்க வேண்டும். அவர் வயதை ஒத்த இன்னொரு மூதாட்டி உயிரோடு இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி இருங்கள். நமக்கு விளங்கும்படி பேச வேண்டிய கட்டாயம் நீங்கியதும், நமக்காக அவர்கள் தவிர்த்துவந்த சொற்களெல்லாம் திரும்பி வரும்.

புரியாத சொல்லை எழுதும்போது பொருளை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். "வாமடை: வயலுக்கு நீர் பாயும் வாய்" என்பது அகராதி. "வாமடைய அடைக்காம வந்துட்டான், ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வல்ல" என்பதில் வாமடையும் இருக்கிறது, அதற்கு உரியவரும் இருக்கிறார்.

மாலை நேரப் பேச்சையும் பதியுங்கள் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும், அந்தக் கல்யாணத்துக்கு அவர் சொல்லும் வேலைகள் கற்பனை அல்ல. என்றோ ஒருநாள் உண்மையில் செய்யப்பட்ட வேலைகள். ஒலியை வேவ் கோப்பாக வைத்திருங்கள். சுருக்கிய வடிவை உறவினர்களுக்கு அனுப்பலாம்.

வடமராட்சி வாசகன்:

என் அனுபவம் ஈழத்தைச் சார்ந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியே இல்லாதவையும் இருந்தன. எங்கள் தலைமுறைக்கு அதன் பிறகு "பத்திரமாக ஓரிடத்தில் வைத்திருக்கிறோம்" என்ற சொற்களில் நம்பிக்கை போய்விட்டது. 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஓர் எண்ணிம நூலகம் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்தக் காயமும் இருக்கிறது. உங்கள் படிகளில் ஒன்றாவது வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் இருக்கட்டும், தங்கச்சி. பகை வேண்டும் என்பதில்லை, கறையானே போதும். குடும்பம் இசைந்தால் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தையும் அணுகிக் கேட்டுப் பாருங்கள். 1994இல் தொடங்கிய அந்நூலகமும் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்து பிறந்ததுதான்.

பழைய வாசகர்:

இங்கே எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் உங்கள் பெரியப்பாவின் பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். இவற்றையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று அப்பாயியிடம் யாராவது கேட்டீர்களா? வளையலைப் பற்றி எழுபது ஆண்டுகள் அவர் வாய் திறக்காமல் இருந்ததற்கும் ஒரு காரணம் இருக்கலாம். மறைப்பதும் ஒரு தலைமுறையின் மானம். எல்லாவற்றையும் பாதுகாப்பதற்கும் எல்லாவற்றையும் அச்சிடுவதற்கும் வேறுபாடு உண்டு. பேரப்பிள்ளைகளின் ஆர்வம் அந்த வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகிறது.

மூன்று கூற்றுகளில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு நம் பதிப்பாசிரியர்களிடமே விடை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலம்தொட்டு, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைத் தூக்கி எறியாமல் பாடபேதம் என்று குறித்து வைக்கும் நெறி நமக்குப் பழகிவிட்டது. தாத்தாவின் கை எழுதியது ஒரு பாடம், அப்பாயியின் வாய் சொல்வது ஒரு பாடம், மகனின் நினைவு ஒரு பாடம். எது மூலம் என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல.

நடவு வரப்பு:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி, இப்போது எழுதுகிறேன்.

உங்கள் தாத்தாவின் நோட்டில் "ஆள் கூலி" என்ற வரி இருக்கிறது என்று சொன்னீர்கள். அந்த வரியின் மறுபக்கத்திலிருந்து வந்தவன் நான். என் தாத்தாவும் டெல்டாவில் ஒரு பண்ணையாள். அவர் எழுதப் படிக்க அறியாதவர். பட்டா இல்லை, படம் இல்லை, கடிதம் இல்லை. அவர் இந்த மண்ணில் இருந்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துச் சான்று, அவர் வேலை செய்த பண்ணையின் கணக்கு நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட நெல்லின் அளவு. அந்தப் பண்ணை வீட்டாரின் வாரிசு ஒருவர், கல்லூரியில் என்னோடு படித்தவர், தற்செயலாக அதைக் காட்டினார். பெயர் சுருக்கப்பட்டிருந்தது, ஒருமையில்தான் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து என் தந்தையிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் எழுத்தைப் பார்க்கவில்லை, நெல்லின் அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதான் எழுதியிருக்கா" என்று மட்டும் கேட்டார்.

எனவே, கடனையும் அடகையும் நீக்கிவிட்டுக் குடும்பப் பெருமையை மட்டும் அச்சிடும்போது நீக்கப்படுவது உங்கள் குடும்பத்தின் சங்கடம் மட்டும் அல்ல. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, யாருடைய கணக்கு ஆண்டு முடிவிலும் தீராமல் அடுத்த நோட்டுக்குப் போனது என்பதெல்லாம் வேறு வீடுகளின் வரலாறு. அதை வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் தற்செயலாக உங்களிடம் வந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1952இல்தான். உங்கள் நோட்டுகள் அதற்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன. சட்டத்தின் வாசகத்தை எந்த நூலகத்திலும் படிக்கலாம். அது களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்ததா, சேரும் வழியில் எவ்வளவு சிந்தியது என்பது இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் தெரியும். கூலி வரிகளை மாதவாரியாக ஒரு பட்டியலாக எடுத்துப் பாருங்கள்.

கூலிக்காரர்களின் பெயர்களை வெளியீட்டில் மறைத்துவிடுவது நாகரிகம் என்று யாராவது உங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். கடன் வாங்கியவர்களின் பெயரை மறைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால், என் தாத்தாவின் பெயரை மறைப்பதற்கு முன் என்னைக் கேளுங்கள். ஒருமையில் எழுதியிருப்பதையும் மரியாதைப் பன்மையாகத் திருத்திவிடாதீர்கள்; அப்படித் திருத்தினால் எங்களை எப்போதும் "அவர்" என்றே அழைத்துவந்ததாக உங்கள் பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

காவிரிக்கரைப் பேத்தி:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டும். மூன்று வாரங்களில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏடு பார்ப்பவன் ஐயா சொன்னபடி அப்பாயியிடம் புயலைப் பற்றிக் கேட்டேன். கூரை பறந்தது, தென்னைகள் சாய்ந்தது, மறுநாள் காலையில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் வேறுபாடு தெரியாமல் ஒரே வெள்ளமாகக் கிடந்தது என்று ஒரு மணி நேரம் பேசினார். வளையலும் தானாகவே வந்தது. "குடுக்குறேன்னு சொன்னேன், வேணாம்பாகன்னு நெனச்சேன்" என்றார். நான் கேட்டதில் இது நான்காவது பாடம். பழைய வாசகரின் கேள்வியையும் மறக்கவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "உங்க தாத்தா இருந்தா எழுதக் கூடாது, இப்ப எழுதிக்க" என்றார். இதைப் பெரியப்பாவும் அருகில் இருந்து கேட்டார். வளையல் மீட்கப்பட்டதாக அவர் அதன் பிறகு சொல்லவில்லை; மீட்கப்படவில்லை என்றும் சொல்லவில்லை.

நூல் இப்போதைக்கு இல்லை. நோட்டுகளின் படம், அப்பாயி பேசியபடியே எழுத்து வடிவம், பக்கத்தில் பெரியப்பாவின் குறிப்புகள் என்று மூன்றையும் தனித்தனியே வைக்கலாம் என்பதுவரை வந்திருக்கிறோம். குறிப்புகளை அவர் செந்தமிழில் எழுதுகிறார். அது அவருடைய பாடம்.

நடவு வரப்பு அண்ணனுக்கு: கூலி வரிகளைப் பட்டியலிடத் தொடங்கி, புயலுக்குப் பிந்தைய பங்குனிவரை வந்திருக்கிறேன். "ரா." என்று மட்டும் இருந்த ஒருவர் யார் என்று அப்பாயியிடம் கேட்டேன். முழுப் பெயரையும், அவர் மனைவியின் பெயரையும், அவர்கள் வீடு இருந்த இடத்தையும் சொன்னார். அவருடைய பேரன் திருவாரூரில் இருப்பதாக விசாரித்து அறிந்தோம். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பெரியப்பாவும் வருகிறார், மூல நோட்டை எடுத்துப் போகக் கூடாது, படிகளை மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையோடு.